துணைக்கு இருப்பவர்களுக்கு

மனச்சோர்வு நோயால் வாடும் ஒருவரைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, அந்த நோயின் பெயரை வெளியில் சொல்லவும் கூசி, அக்கம்பக்கத்தாரின் பேச்சுக்கு அஞ்சி நாட்களைக் கடத்திவரும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன்மார், மனைவிமார் அனைவருக்கும் இம்மடல்.

நம் நாட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், இரவில் அவருக்குத் துணைக்கு யார் இருப்பது என்பதே குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி. ஒரு சித்தியோ, தம்பியோ, வெளியூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வரும் மைத்துனரோ, ஃபிளாஸ்கில் கஞ்சியும் கையில் ஒரு போர்வையுமாக வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்கிறார். அவர் வைத்தியம் செய்வதில்லை. நோய் ஏன் வந்தது என்று நோயாளியை விசாரிப்பதுமில்லை. நள்ளிரவில் தண்ணீர் கேட்டால் கொடுப்பதும், நர்ஸ் அம்மாள் எழுதிக்கொடுத்த மருந்தை வாங்கி வருவதும், மற்ற நேரத்தில் வெறுமனே அருகில் இருப்பதுமே அவர் செய்யும் காரியங்கள். நம் சமூகத்தின் மேன்மையான குணங்களில் இதுவும் ஒன்று என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதே வீட்டில் ஒருவருக்கு மனம் நோயுறும்போது, துணைக்கு இருக்க வேண்டியவர்கள் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக உபதேசிகளாகவும் விசாரணை அதிகாரிகளாகவும் மாறிவிடுகிறார்கள். உபதேசம் பலிக்காதபோது, அறைக் கதவு சாத்தப்பட்டு நோயாளி தனியே விடப்படுகிறார். கட்டிலருகில் படுத்துக்கொண்ட அந்தப் பழைய குணத்தை இந்த நோயின் பக்கமும் திருப்புங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

மருத்துவர்கள் மனச்சோர்வு என்று குறிக்கும் வியாதி, எல்லோருக்கும் அவ்வப்போது வந்துபோகும் விசனமன்று. பரீட்சையில் தோற்றவன் வருந்துகிறான். தாயை இழந்தவள் மாதக்கணக்கில் அழுகிறாள். ஆயினும் அந்த வருத்தத்தினூடே ஒரு குழந்தையின் மழலை கேட்டால் முகம் சற்றே மலர்கிறது, பசித்த வேளையில் சோறு ருசிக்கிறது. இந்த நோயிலோ, இரண்டு வாரங்களுக்கும் மேலாக, அநேகமாக நாள் முழுவதும் மனத்தில் பாரம் கவிந்து, முன்பு இன்பமளித்தவை எவையும் இன்பமளியாமற்போய், உறக்கமும் பசியும் நிலைகுலைந்து, சிறு வேலைக்கும் உடம்பு எழாமல், ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கும் அளவுக்கும் கவனம் நில்லாமல், தான் எல்லோருக்கும் சுமை என்றும், நேர்ந்த கேடுகளுக்கெல்லாம் தானே பொறுப்பு என்றும் எண்ணம் சுழன்று, சிலருக்கு உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற நினைவு வரைக்கும் போய்விடுகிறது.

நானறிந்த தமிழாசிரியர் ஒருவர், விடிந்தவுடன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே காப்பியைத் தொடுபவர். மார்கழி மாதத்தில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார்த்தித் திருப்பாவைக்குப் பொருள் சொன்னவர். ஓய்வுபெற்ற இரண்டாம் ஆண்டில் அவர் தோட்டத்தின் பக்கம் போவதை நிறுத்தினார். நாளிதழ் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஊரிலிருந்து வந்த பேரன் மடியில் ஏறியபோது, அவனை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாமற்போனால் யாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் நினைத்தார்கள். அவரும் மனத்தைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தலைபாரம், நெஞ்செரிச்சல், கைகால் அசதி என்றுதான் சொன்னார். அவற்றுக்கான பரிசோதனைகளெல்லாம் செய்யப்பட்டு, ஒன்றுமில்லை என்ற சீட்டோடு திரும்பினார். கடைசியில் ஒரு பொதுமருத்துவர், மற்றவர்கள் கேளாத கேள்வியை, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதை, கேட்டார். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுவதாகவும், அப்புறம் விடியும்வரை கிடக்கும் நேரமே நாளில் மிகக் கொடியது என்றும் ஆசிரியர் சொன்னார். அந்தப் பதிலே அவரைச் சரியான சிகிச்சைக்குக் கொண்டுசேர்த்தது.

இந்த நோயின் ஒரு குணத்தை நீங்கள் அறிந்துகொள்வது மிக அவசியம். பலருக்கு இது காலை வேளையில் மிகக் கடுமையாக இருந்து, மாலையில் சற்றே தணிகிறது. காலையில் எழுந்து பல் துலக்கவும் இயலாமல் சுருண்டு கிடந்தவர், பொழுது சாயும் நேரத்தில் எழுந்து வந்து இரண்டு வார்த்தை பேசுவதைக் காணும் வீட்டார், வேலை என்றால் படுத்துக்கொள்கிறாள், டி.வி. என்றால் எழுந்து வருகிறாள், எல்லாம் பாசாங்கு என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வியாதியின் இலட்சணமே நோயாளியின் மேல் சாட்டப்படும் குற்றமாகிவிடும் இந்த அநியாயம், எத்தனையோ மருமகள்களுக்கும், எத்தனையோ கல்லூரி மாணவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஆண்களிடத்தில் இந்நோய் சில வேளைகளில் அழுகையாக வெளிப்படாமல், ஓயாத சினமாகவும் குடியாகவும் வெளிப்படும். முதியவர்களிடத்தில் மறதி போலத் தோன்றும். பிள்ளை பெற்ற சில வாரங்களில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கவும் மனமில்லாமல் இருந்தால், அதைத் தாய்மையின் குறை என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காரணம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். பரம்பரை, பிரிவு, கடன், அவமானம், நெடுநாள் உடல்நோய், மது, பிள்ளைப் பருவத்தில் பட்ட கொடுமை என்று பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னி வேலை செய்கின்றன. தைராய்டுச் சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் இதே வேஷத்தில் வருவதுண்டு என்பதால், மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் செய்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் காரணம் எதுவுமே இல்லாமலும் இந்நோய் வருகிறது. நம் வீடுகளில் பேசப்படும் வாக்கியங்களிலெல்லாம் நோயாளியை அதிகமாக வதைப்பது, "உனக்கு என்ன குறைச்சல்?" என்ற வாக்கியம் என்றே நான் கருதுகிறேன். நல்ல கணவன், சொந்த வீடு, படிக்கும் பிள்ளைகள் என்று நீங்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டும் ஒவ்வொன்றையும், அவர் ஏற்கனவே இரவு முழுவதும் எண்ணிப் பார்த்து, இவ்வளவு இருந்தும் சந்தோஷப்பட முடியாத பாவி நான் என்று தம்மையே சபித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஆறுதல் என்று நினைத்துச் சொல்வது, அவர் தமக்கு எதிராக நடத்திவரும் வழக்குக்கு மற்றொரு சாட்சியாகப் போய்ச்சேர்கிறது.

குடும்பம் உடனிருந்தால் நோய் குணமாவது எளிதாகும் என்பதை இந்த நாட்டு மருத்துவர்கள் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்து செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னையில் 1794இல் தோன்றி, பிற்பாடு கீழ்ப்பாக்கத்துக்குப் பெயர்ந்து, இன்று மனநலக் காப்பகமாக விளங்கும் மருத்துவமனை போன்ற பழைய ஸ்தாபனங்கள், நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து மதிலுக்குள் வைக்கும் அந்நியர் ஆட்சிக் கால முறையில் எழுந்தவை. இதற்கு மாறாக, 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வரவழைத்து, வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்து, சிகிச்சையில் அவர்களையும் பங்காளிகளாக்கினார். நம் வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும், நோயாளியோடு குடும்பத்தவர் ஒருவர் தங்கியிருந்து, சமைத்துக்கொடுத்து, நோயின் தன்மையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பும் முறையைக் கைக்கொண்டது. நம் ஜனங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் தாமாகவே செய்துவந்ததை, இந்த மருத்துவர்கள் சாஸ்திரமாக்கினார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் பணிபுரிந்த டாக்டர் சாரதா மேனன், பின்னர் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் அமைப்பை நிறுவியபோது, மருத்துவமனையை விட்டு வெளியேறும் நோயாளி வீட்டிலும் வேலையிலும் ஊன்றி நிற்பதற்கு வேண்டிய உதவியையே அதன் முதற்பணியாகக் கொண்டார்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காவிரிக் கரையில் குணசீலத்துப் பெருமாள் சந்நிதியில் 48 நாள் தங்கியிருப்போரையும், ஏர்வாடி தர்காவில் மாதக்கணக்கில் காத்துக்கிடப்போரையும் பழித்துப் பேச எனக்கு மனமில்லை. எல்லாக் கதவும் அடைபட்ட குடும்பத்துக்கு அங்கே ஓர் இடமும், ஒரு நம்பிக்கையும், தம்மைப் போலவே துன்பப்படும் நாலு பேரின் சகவாசமும் கிடைக்கின்றன, அது அற்பமானதன்று. ஆனால் பிரார்த்தனை மருந்தை விலக்கச் சொல்லவில்லை; நாம்தான் விலக்குகிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், ஏர்வாடியில் தனியார் நடத்திய ஓலைக்கொட்டகை விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றி மாண்டார்கள். இறந்தோர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் கொடியவர்களல்லர். வேறு வழி தெரியாமல் தவித்த, உங்களையும் என்னையும் போன்ற உறவினர்கள். நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடுத்திருக்கிறது. ஆகையால் சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள். வரும் வழியில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் சென்று வாருங்கள்.

ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பெண்ணுக்கோ பிள்ளைக்கோ அவசரமாக முகூர்த்தம் பார்ப்பது மட்டும் எந்த விதத்திலும் மன்னிக்கத்தக்கதன்று. விவாகம் ஔஷதமன்று. நோயுற்றவருக்குப் புது வீடும் புது மனிதர்களும் புதுப் பொறுப்பும் தாங்கொணாத பாரமாகின்றன. நோயை மறைத்துச் செய்த காரணத்தால் மாத்திரையை ஒளித்து வைக்க நேர்ந்து, பிறகு மாத்திரையே நின்றுபோய், ஆறே மாதத்தில் பெண் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். முதலில் குணமாகட்டும், குணமான பின், உண்மையைச் சொல்லிச் செய்யுங்கள்.

சரி, உடனிருப்பது என்றால் என்ன செய்வது? நோயாளியின் நாளைச் சிறு சிறு பகுதிகளாக்கி, அவற்றில் ஒன்றை மட்டும் அவரோடு சேர்ந்து செய்யுங்கள். "எழுந்து குளித்துவிட்டு வேலைக்குப் போ" என்பது அவருக்கு மலையேறச் சொல்வது போன்றது. "வா, வாசலில் ஐந்து நிமிஷம் உட்காரலாம்" என்பது இயலக்கூடியது. மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். நாளைக்கு மறுபடியும் கூப்பிடுங்கள். கோவாவில் டாக்டர் விக்ரம் படேலும் சகாக்களும் நடத்தி 2017இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வில், மருத்துவப் பட்டமில்லாத சாதாரண மனிதர்கள், தகுந்த பயிற்சி பெற்று, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வுடையோரை ஆறு முதல் எட்டுத் தடவை சந்தித்து, விட்டுப்போன சிறு காரியங்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கச் செய்தே கணிசமானோரைத் தேற்றியிருக்கிறார்கள். நான் மேலே குறிப்பிட்ட ஆசிரியரின் மனைவியார் இதையொன்றும் படித்தவரல்லர். அவர் தினமும் மாலையில் ஒரு பூவாளியைக் கணவரின் கையில் கொடுத்து, தாமும் ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். பல நாட்கள் கணவர் பூவாளியோடு வெறுமனே நின்றிருந்தார். அம்மையார் ஒன்றும் சொல்லாமல் தம் பங்குக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அவரை உள்ளே அழைத்து வந்தார். மருந்தும் இந்தத் தோட்டத்து நடையும் சேர்ந்தே அவரைக் குணப்படுத்தின என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பேசும்போது விடை சொல்ல அவசரப்படாதீர்கள். "எனக்கு இனிமேல் ஒன்றுமில்லை" என்று நோயாளி சொன்னால், அதை மறுத்து வாதிடுவதில் பிரயோஜனமில்லை, "ரொம்பக் கஷ்டமாயிருக்கிறதா? நான் இங்கேதான் இருக்கிறேன்" என்பது போதும். அவர் குணமடையும் வேகத்தை உங்கள் முகம் நாள்தோறும் அளந்துகொண்டிருந்தால், அதுவும் அவருக்கு ஒரு பாரமாகும். வீட்டைப் பற்றிய பெரிய தீர்மானங்களை, உத்தியோகத்தை விடுவது, நிலத்தை விற்பது போன்றவற்றை, நோய் நீங்கும்வரை ஒத்திப்போடுங்கள்.

மருந்தைப் பற்றி நம்மிடையே நிலவும் பயம் பெரிது. அதற்கு ஆதாரம் சிறிது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப் பொருள்களல்ல. நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வேட்கையை அவை உண்டாக்குவதில்லை. ஆனால் அவை உடனே வேலை செய்வதில்லை. குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும்; குமட்டல், படபடப்பு முதலிய உபத்திரவங்களோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் அநேக வீடுகளில் மாத்திரை குப்பைக்குப் போகிறது. துணைக்கு இருப்பவரின் பொறுமை மிகவும் தேவைப்படும் நாட்கள் இவையே. குணம் தெரிந்த பிறகும், மருத்துவர் சொல்லும்வரை, சாதாரணமாக ஆறு மாதத்துக்குக் குறையாமல், மருந்தைத் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் தோன்றலாம், நோயும் திரும்பக்கூடும். முன்னொரு காலத்தில் நோயாளி சில வாரங்கள் உறக்கமே இல்லாமல் மிதமிஞ்சிய உற்சாகத்தோடு ஓயாமல் பேசியும் பணத்தை வாரி இறைத்தும் இருந்ததுண்டு என்றால், அதை மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வேறு வகை நோயின் அடையாளமாக இருக்கலாம், அதற்கான மருந்தும் வேறு. இதை நோயாளி சொல்லமாட்டார். உடனிருந்து பார்த்த உங்களால்தான் சொல்ல முடியும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறதா என்று நேராகக் கேட்க அஞ்சாதீர்கள். கேட்பதனால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. தனிமையில் அதைச் சுமந்துகொண்டிருந்தவர், யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்று சற்று இளைப்பாறுகிறார். உண்டு என்று அவர் சொன்னால் கோபிக்கவோ சத்தியம் வாங்கவோ முற்படாமல், அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும், மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். இது வீண் ஜாக்கிரதையன்று. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தப்புகிறது. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில், சென்னை சிநேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் சகாக்களும், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டிவைக்க ஏற்பாடு செய்தபோது, தற்கொலைகள் குறைந்தன. மற்றொன்றையும் கவனியுங்கள்: சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில், மனத்தின் இருள் விலகுவதற்கு முன்பே உடம்பில் தெம்பு திரும்பிவிடுவதுண்டு, எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார் என்று காவலைத் தளர்த்திவிடாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக்கூடாது, அவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை. ஆகவே போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்க வேண்டாம்.

துணைக்கு இருப்பவரும் மனிதரே. ஒரே தாயார், ஒரே மனைவி, மாதக்கணக்கில் இரவும் பகலும் விழித்திருந்தால் அவரும் நோயில் விழுவார். ஆஸ்பத்திரியில் முறைவைத்து மாறிக்கொள்வதுபோல இங்கும் மாறிக்கொள்ளுங்கள். அதற்கு நாலு பேருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வைக்கும் குடும்பத்துக்கு மாற்றாள் கிடைப்பதில்லை. உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் இந்தக் கூச்சம் பாதியாகிவிடும்: பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நேர்கிறது, நோயுற்றோரில் நூற்றுக்கு 80 பேருக்கு மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை. உங்கள் தெருவில் இன்னொரு வீட்டிலும் இதே கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அரசாங்கத்தின் மாவட்ட மனநலத் திட்டம் நடைபெறுகிறது. அரசு மருத்துவமனைகளில் ஆலோசனைக்கும் மருந்துக்கும் பணம் வாங்குவதில்லை. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையையும், 104 என்ற எண்ணில் மாநில அரசின் சேவையையும் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் உறவினரும் பேசலாம். இம்மடலைப் படிக்கும் உங்களில் யாருடைய வீட்டிலாவது அத்தகைய ஒருவர் இருந்தால், இந்த வாரத்துக்குள் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தனியே அனுப்பாமல், நீங்களும் உடன் செல்லுங்கள்.